கேட்காமல் விட்ட ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் முடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் சந்தோஷத்தில் என்னையும் பந்தியில் இருத்தினார். சூட்டுச் சோறு பட்டதும் வாழையிலை ஒரு மணம் விடுமே, பாதி வெந்த பச்சை மணம், அது மூக்கில் ஏறியதும் என் கண் தானாகவே பந்தியின் கடைசி இடத்தைப் பார்த்தது. நீ எப்போதும் அங்கேதான் இருப்பாய். அங்கே யாரோ ஒரு தடித்த மனிதர் அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கக் குனிந்தேன். வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். “ஐயோ தம்பி, விடுங்கோ! நீங்கள் ஏன் எடுக்கிறியள்?” வாய் சிரித்தது, கண் என்னை மேலும் கீழும் அளந்தது. எனக்கு இந்தப் பார்வை பழகிவிட்டது. உனக்கு இது பிறந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து போனது; நான் மலாயாவில் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா என்னைக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்கு எஞ்சினியரிங் படிக்க அனுப்பியபோது சொன்ன காரணம், “அங்கை எண்டால் எங்கடை ஆக்களின்ரை சாப்பாடு கிடைக்கும்” என்பது. கிடைத்தது. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே ஓர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் நடத்திய போடிங் வீடு. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் கட்டிச் சோறு, இரவு இடியப்பமும் சொதியும். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். பருப்பு எந்நாளும் ஒரே தண்ணீர். எனக்கு ஓர் அறையும் அறைத்தோழனாக, அதே கல்லூரியில் படித்த உன்னையும் தந்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் மாதம் உன்னை நான் நம்பவில்லை. நமக்குச் சொல்லித்தந்த வேலையே எங்கே பிழை என்று தேடுகிற வேலைதானே. உன்னில் எனக்குப் பல பிழைகள் தெரிந்தன. உன் டிரங்குப் பெட்டி எப்போதும் பூட்டியிருக்கும். யாராவது வாசலில் வந்து நின்றால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பாய், பிறகுதான் வாய் திறப்பாய். எங்களோடு தங்கியிருந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஊர் கேட்டபோது “சாவகச்சேரிப் பக்கம்” என்றாய். போடிங்காரர் கேட்டபோது “பருத்தித்துறைக்குக் கிட்ட” என்றாய். இரண்டும் என் காதில் விழுந்தன. ஒன்றில் இவன் கள்ளன், அல்லது பொலிஸ் தேடுகிற ஆள் என்று முடிவு கட்டி, என் கைக்கடிகாரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். நீயும் என்னை ஏதோ உளவுக்காரன்போலத்தான் பார்த்தாய். அப்படியிருந்தும் கணக்குகளைச் சேர்ந்தே செய்தோம். உன் கணக்கு சுத்தம். என் கம்பி வேலை சுத்தம்.

பொங்கலன்று போடிங்காரர் எங்கள் எல்லாருக்கும் கூடத்தில் இலை போட்டார். மற்ற நாளில் பீங்கான் தட்டு. சாப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழும்புவோம், சமையற்காரி எடுப்பாள். இலையில் உன்னோடு சாப்பிட்டது அன்றுதான் முதல்தரம். நீ கடைசியில் இருந்தாய், முதலில் முடித்தாய். முடித்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் இலையை மடித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்வளவுக்குப் போனாய். எங்கள் குவாட்டர்ஸில் வேலையாள் கிடையாது. அவரவர் சாப்பிட்டதை அவரவர் எடுக்காவிட்டால் அம்மாவின் அகப்பைதான் பேசும். ஆகவே நானும் எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்தேன்.

கூடத்தில் கதை நின்றுவிட்டது. அது எனக்குப் புரியவில்லை. மதிலடியில் நீ திரும்பி என்னையும் என் கையிலிருந்த இலையையும் பார்த்தாய். உன் முகத்தில் இரத்தமே இல்லை. பொங்கல் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

உள்ளே கிளாக்கர் தொடங்கிவிட்டார். “மலாயாத் தம்பியும் எடுத்திட்டார் பாருங்கோ! அங்கை குரங்கு வந்தெல்லோ எடுக்கும் எண்டு கேள்வி!”

எல்லாரும் சிரித்தார்கள். போடிங்காரரின் மனைவி சிரிக்கவில்லை. நாங்கள் இருந்த இரண்டு இடத்திலும் சாணித் தண்ணீரைத் தானே கொண்டுவந்து தெளித்தார்.

பின்னேரம் போடிங்காரர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். “தம்பி, நீர் ஏன் இலையை எடுத்தனீர்?”

“சாப்பிட்டனான், எடுத்தனான்.”

“எங்கடை ஆக்கள் ஒரு வீட்டிலை இருந்து சாப்பிட்டால் இலை எடுக்கிறேல்லை. தங்கடை இலையைத் தாங்களே எடுக்க வேண்டிய ஆக்கள் வேறை. விளங்குதோ?”

அப்போதுதான் விளங்கியது. சாவகச்சேரியும் பருத்தித்துறையும் பூட்டிய பெட்டியும் ஒரே நேரத்தில் விளங்கின. இத்தனை மாதமாக ஊரை மாற்றி மாற்றிச் சொல்லி மறைத்ததை உன் கை ஒரு நொடியில் சொல்லிவிட்டது. பிறத்தியார் வீட்டு இலை என்றால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அந்தக் கையைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள்.

“உம்மிலை எனக்குப் பெரிய ஐமிச்சமில்லை,” என்றார் அவர். “எண்டாலும் ஊரிலை இருக்கிற உம்மடை பெரியப்பாவிட்டை, நீர் எங்கடை ஆள்தான் எண்டு ஒரு கடிதம் எடுப்பியும். உம்மடை அறையிலை இருக்கிற மற்றவர் நாளைக்கே வேறை இடம் பார்க்கட்டும்.”

“ஐயா, பைனல் சோதனை வருது. அவன் இப்ப எங்கை போவான்?”

“அது எனக்குத் தெரியாது. நாலு குடும்பம் வந்து போற வீடு.”

“அப்ப நானும் போறன்.”

“உமக்கென்ன விசரோ? கொப்பர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“பருப்பு சரியில்லையெண்டு சொல்லுங்கோ.”

இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு பிடி சோற்றுக்கு ஊரிலிருந்து அத்தாட்சி எடுப்பிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். உனக்கு அது அப்படிப் படவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்கு மேலே அறை எடுத்தோம். கீழே கொத்தமல்லி மூட்டை, மேலே நாமும் நம் புத்தகங்களும். கட்டிலை ஏற்றி வைத்துக் கை உதறியதும் நீ கேட்டாய்.

“நீ அண்டைக்கு என்னைப் பகிடி பண்ணவோ இலையை எடுத்தனீ?”

“உனக்கென்னடா பிடிச்சது? எங்கடை வீட்டிலை எல்லாரும் எடுக்கிறது.”

“கொப்பருமோ?”

“அப்பாவுந்தான்.”

“சரி” என்றாய். நம்பவில்லை என்பது சுவருக்கே தெரிந்திருக்கும். “பிறகேன் என்னோடை வெளிக்கிட்டனீ? என்னிலை இரக்கமோ?”

“பேய்க்கதை கதையாதை. பருப்புப் பிடிக்கேல்லை.”

ஒரு மனிதன் சிரிக்கக்கூடிய இடம் அது. நீ சிரிக்கவில்லை.

சாப்பாடு வியாபாரியின் வீட்டிலிருந்து வந்தது. ரொட்டியும் ஆட்டிறைச்சி ஆணமும், சில நாள் மீன் பொரியல். வெள்ளவத்தைப் பருப்புக்கு இது எவ்வளவோ மேல். ஒருநாள் அவரே தட்டோடு ஏறிவந்து உன் எதிரில் குந்தினார். “மகன், நீங்க யாழ்ப்பாணத்துல எந்த ஊரு?”

உன் கை ரொட்டியில் அப்படியே நின்றது. “ஏன் கேக்கிறியள்?”

“சும்மாதான் மகன்.”

தட்டைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டாய். மனிதர் பயந்துபோனார். “நான் என்ன செல்லிட்டேன்? வீட்டுல பனங்கட்டி பனங்கட்டின்னு ஒரே தொல்லை. இவர் ஊருல நல்லது கிடைக்குமான்னு கேக்கத்தானே வந்த!” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னேரம் உன்னிடம் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, “பனங்கட்டி எண்டுதான் தொடங்குவினம்” என்றாய். அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே ஒன்று தீர்மானித்தேன். உலகத்தில் எவன் கேட்டாலும் நான் உன்னிடம் ஊர் கேட்கப்போவதில்லை. முதலில் கேட்காதது அக்கறையில்லாமல். பிறகு கேட்காதது வேண்டுமென்றே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உனக்குச் சொல்லும் வழி தெரியவில்லை.

இருவரும் பாஸ் பண்ணினோம். உனக்கு வன்னியில் குளக்கட்டு வேலை கிடைத்தது. மருதானை ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாய். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“இவ்வளவு நாளும் நீ என்ரை ஊர் கேக்கேல்லை,” என்றாய். “தெரிஞ்சபடியாலோ? தேவையில்லாதபடியாலோ?”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பியோ?”

“உனக்கும் ஒரு ஊர் சொல்லியிருப்பன்.”

“உள்ளதோ, பொய்யோ?”

அதற்குத்தான் முதல்தரம் நீ வாய்விட்டுச் சிரித்தாய். “அதை நீ வந்தெல்லோ பார்க்கவேணும்.” வா என்கிறாயா, வந்துபார் என்று மிரட்டுகிறாயா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நீ போய் ஒரு மாரி கழிந்திருக்கும். ஒரு வேலையாக, நீ வேலைசெய்த இலாகாவின் தலைமைக் கந்தோருக்குப் போனேன். உன்னைப் பற்றி விசாரித்தேன். மேசையிலிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார். “அவரோ? காட்டுக் காய்ச்சல். பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோயிட்டினம். உங்கடை சொந்தமோ?”

எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்திருப்பார்; அடுத்த கேள்வியும் வந்திருக்கும். நீ அத்தனை கவனமாக மூடிவைத்ததை ஒரு கந்தோர் மேசையில் நான் திறந்துவைத்திருப்பேன். “சிநேகிதன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கேட்காதது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் உன் அம்மா இருந்தால் அவருக்குச் சில விஷயம் தெரியவேண்டும். நீ கொழும்பில் பசி கிடக்கவில்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். கோபம் வந்தால் மட்டும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போவாய். இதையெல்லாம் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று லீவு கிடைக்கும்போதெல்லாம் கோட்டை ஸ்டேஷன்வரை போகிறேன். யாழ்ப்பாண மெயில் நிற்கிறது. டிக்கெட் கொடுக்கிறவன் எந்த ஸ்டேஷனுக்கு என்று கேட்கிறான். பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.