பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

நாட்டிங்லி,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

அன்புள்ள கீலிக்கு,

பாட்டி எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபாலில் வருகிறேன். கோல் காத்துப் பந்து பிடிக்கிற வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். கால்வாயில் சரக்குப் படகில் பிறந்து வளர்ந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பாய்லர் மறுபடியும் மக்கர் செய்கிறது. என் முழங்காலும் அப்படித்தான். ரொட்டிக் கடை பிரெண்டா இன்னும் உன் படத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "இவ யாருன்னு தெரியுதா? நம்ம தெல்மா பேத்தி. இவளத் தாண்டிப் பந்த உள்ள போடச் சொல்லு பாப்போம்" என்று அளக்கிறாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்று, இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருப்பேன்.

இனி உன் தாத்தா விஷயம். அவருக்காக வாதாட வரவில்லை. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கோல் கம்பத்திலிருந்து நீ பார்த்தது பாதிதான்.

கண்ணாடித் தொழிற்சாலையை விட்டு வந்ததிலிருந்து அவர் போனில் ஸ்கோர் வாங்கி விற்கிறார். ஆட்டம் எந்தக் கணக்கில் முடியும் என்று ஒவ்வொரு ஸ்கோருக்கும் ஒரு விலை இருக்கிறது. பந்து போகிற போக்குக்கு ஏறும், இறங்கும், சந்தையில் மீன் விலை மாதிரி. கிடைப்பதெல்லாம் ஒன்றிரண்டு பவுண்டு. "இது சூதாட்டம் இல்லடி, வியாபாரம்" என்பார். "வியாபாரின்னா கடையத் தொறங்க, நான் வந்து தூசி தட்டுறேன்" என்பேன். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒரே அணிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டின மனிதர், இப்போது யாருக்கும் கத்துவதில்லை. உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் நீ போனில் அவரிடம் மட்டும் சொன்னாயாம், மோதிர விரல் வீங்கிக் கிடக்கிறது, கோச்சுக்குக்கூடச் சொல்லவில்லை, கட்டுப்போட்டுக்கொண்டு ஆடப்போகிறேன் என்று. "ஐஸ் வைம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்தவர், அதே போனில், உன் ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமாக முடியாது என்று பணம் கட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்தாலும் அவருக்கு இரண்டு பவுண்டு. விழாவிட்டால் கையிலிருந்து பதினெட்டு போகும்.

நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்தோம். நீ அன்று ஆடினாயே! மூலைக்குப் போன பந்தைப் பறந்து தட்டினாய். நான் முழங்காலை மறந்து எழுந்து கத்தினேன். பக்கத்தில் மனுஷர் "ச்சே" என்றார். அடுத்ததையும் பிடித்தாய். "போச்சு" என்றார். அத்தனை பேரும் உன் பெயரைச் சொல்லிக் கத்த, நீ பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் அவர் முகம் மட்டும் தொங்கிக்கொண்டே போனது. எனக்குப் புரிந்துவிட்டது. நம்பத்தான் மனசு வரவில்லை.

முடியப்போகிற நேரத்தில் அந்தப் பந்து உன் விரலில் பட்டு உள்ளே போனது. நீ தரையில் கிடக்கிறாய். நம் கூட்டம் மொத்தமும் ஊமையாகிவிட்டது. உன் தாத்தா இரண்டு கையையும் தூக்கி, "அப்பாடா, விழுந்துருச்சு!" என்று எழுந்தார். நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். முன்வரிசையில் இருந்த ஒரு பொம்பளை திரும்பி, "என்ன பெரியவரே, எடம் மாறி உக்காந்துட்டீங்களா? உங்க ஆளுங்க எதிர்ப்பக்கம் இருக்காங்க" என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

வெளியே வாசலில், அவர் கையிலிருந்த போனில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "என் விரல வெச்சா தாத்தா?"

"ரெண்டு பவுண்டுதாம்மா" என்றார். அதைவிட அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

அவர் திருந்திவிட்டார் என்று பொய் எழுத மாட்டேன். நேற்றுகூடப் போர்ச்சுகலில் யாரோ ஆடிய ஆட்டத்துக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் ஆட்டத்துக்கு அவரை வரவிடு என்றும் கேட்கவில்லை. நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று நின்று அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டம் ரேடியோவில் வந்தது. அவர் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் மழையில் நின்றார். முடிந்ததும்தான் உள்ளே வந்தார். உலகத்தில் எங்கே யார் ஆடினாலும் ஸ்கோர் விசாரிக்கிற மனிதர், ஸ்கோர் கேட்கவில்லை. "வெரலு எப்படி இருக்காம்?" என்றார். ரேடியோக்காரன் அதைச் சொல்லவில்லையே. தெரியாது என்றேன். ஈரச் சட்டையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கீலி, அவருக்கு நீ எழுத வேண்டாம். எனக்கு எழுது. விரல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போதும். எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம். அவர் அடுத்த அறையில் இருக்கும்போது படித்துக்கொள்கிறேன்.

உன் பத்து விரலும் நோகாமல் இருக்கட்டும்.

பாட்டி,
தெல்மா