கதவில் தொங்கும் நீலச் சட்டை

என் போட்டிக் கம்பெனிக்காரிக்கு,

நீ பிளாக்ஹவுஸ் பே கரையோரம் நடக்கப் போயிருக்கிறாய். நான் இரண்டாவது காபியையும் போட்டுக் குடிக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் சால்மன் மீன் பண்ணைக் கம்பெனியும் என்னுடையதும் இணையப் போவதாக அறிவித்ததிலிருந்து, அரசு அனுமதி வரும்வரை அந்தப் பக்கத்து ஊழியர்களிடம் வேலை விஷயம் பேசக் கூடாது என்று இரண்டு ஆபீஸிலும் உத்தரவு. நாம் அதைச் சாப்பாட்டு மேசையிலும் கடைப்பிடிக்கிறோம். நேற்று நான் வாயைத் திறந்ததுமே, "வேண்டாங்க, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல" என்றாய். ரசத்தைப் பற்றிப் பேசினோம். மகள், "ஆர் யூ டூ ஃபைட்டிங்?" என்று கேட்டாள்.

இணைந்த பிறகு ஏற்றுமதிக்கு ஒரே மேனேஜர் போதுமாம். அங்கே நீ மேனேஜர், இங்கே நான்.

அந்த ஒரு இடத்துக்கு இன்று மனுகாவில் நடக்கும் இன்டர்வியூ பற்றி நான் உன்னிடம் மூச்சு விடவில்லை. ஆனால் என் நீலச் சட்டை தேய்த்துக் கதவில் தொங்குகிறது. உனக்கும் அழைப்பு வந்ததை நீயும் சொல்லவில்லை. ஆனால் உன் கறுப்புக் கோட்டைச் சலவைக் கடையிலிருந்து வாங்கி வந்து வைத்தது நான்தான்.

மனுகாவுக்கு இரண்டு கார் எதற்கு? ஒன்றாகவே போவோம். வழியில் வேலையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். போகும்போது நான் ஓட்டுகிறேன். திரும்பும்போது நீ ஓட்டு; ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவோம்.

இப்படிக்கு,
உன் எதிர்க் கம்பெனிக்காரன்