எட்டாம் பகுதியும் ஒரு சைக்கிளும்

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம், சளியும் விட்டுவிட்டது. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

வெள்ளிதோறும் நீ அங்கும் நான் இங்குமாகப் பார்த்துவந்த பறக்கும் தபால்காரன் தொடரை ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்களாம். சூப்பர் ஹீரோவுக்கே இந்தக் கதி! அறையில் உடனிருக்கும் வெல்டர்தான் சொன்னார்.

"கடைசி வரைக்கும் ஆளுங்க பார்க்கலைன்னா ஊத்தி மூடிடுவாங்க, பெருசு. நீங்க முடிச்சீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். நான் லீவில் வரும்போது சேர்ந்து பார்க்கலாமென்று கடைசியான எட்டாம் பகுதியை மிச்சம் வைத்திருக்கிறோமே! நம்மால்தான் நின்றதோ? இதே நினைப்பில் கிடங்கில் பெட்டி எண்ணும்போது இரண்டு முறை எண்ணிக்கை தவறியது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. போன வாரம் போனில், "பாவம், அவனுக்கு அந்தச் சைக்கிளும் போச்சு" என்றாய். ஏழு பகுதிகளையும் வரிசையாக மறுபடி பார்த்தேன். தபால்காரனின் சைக்கிள் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை என் காதுதான் மந்தமோ என்னவோ.

நீ எட்டாவதைப் பார்த்திருந்தால் கோபமில்லை, நம் மேல் பாதிப் பழியாவது குறையும். மீதிக் கதையை மட்டும் சொல்லிவிடாதே. தொடர்தான் நின்றுவிட்டதே என்று வெள்ளிக்கிழமை போனையும் நிறுத்திவிடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, சைக்கிள் போகிற இடத்தில், புதிதாகப் பார்ப்பவள் மாதிரி 'ஐயோ' என்று சொல், போதும்.

உன் கணவன்