இல்லாதவராகக் கருதப்படுபவர்

ஜனவரி 8, 2025, புதன். அடுகோடி

இன்று காலை கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை. மார்பு முதல் இடுப்பு வரை தெரிந்தது. குனிந்து சவரம் செய்துகொண்டேன். ஒப்பந்ததாரர் மஞ்சுநாத் வேலையை நேற்று முடித்துவிட்டார் என்பதற்கு இது முதல் சான்று.

அக்கா டோரீன் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலிக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. வீடு அவளுடையது. ஹெப்பகோடியில் உள்ள என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, துணைக்கென்று வந்தவன் நான். உட்கார்ந்த நிலையில் அவளுக்கு எட்டும்படி எல்லாவற்றையும் மாற்றித் தாருங்கள் என்று மஞ்சுநாத்திடம் சொன்னவனும் நானே. "எல்லாவற்றையும்" என்ற சொல்லுக்கு ஒரு வரம்பு விதித்திருக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் சட்ட அலுவலராக இருந்தவன் அப்படியொரு சொல்லைக் காவலின்றி நடமாட விட்டிருக்கக் கூடாது.

சமையல் மேடை என் தொடை உயரம். சுவிட்சுகள் முழங்காலுக்குச் சற்று மேலே. இருதய ஆண்டவர் படத்தையும் கீழே இறக்கிவிட்டார். செபம் சொல்ல நான் ஏறக்குறைய தரையில் உட்கார வேண்டும். வாசலில் அழைப்பு மணி என் இடுப்புக்குக் கீழே. வீட்டுக்குள் இருப்பவள் தன் வீட்டு மணியை எதற்காக அடிக்கப் போகிறாள் என்று கேட்டேன்.

"வெளிய போய்ட்டு வந்தா பேக்காகுத்தே சார், வேணும்ல?"

தனியாக அவள் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

தபால்காரர் மணியைத் தேடிக் காணாமல், பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 19, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் புனேயிலிருந்து அக்காவின் மகள் ஆஞ்சலா பேசினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா சமாளிக்கிறாங்கன்னா அது நீங்க இருக்கறதால. உங்களுக்கே எழுபது. நாளைக்கு நீங்க படுத்துட்டா?"

ஆனேக்கல் அருகே ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்திருக்கிறாளாம். ஈஸ்டருக்குள் அம்மாவை அங்கே சேர்த்துவிட வேண்டுமாம். அக்கா கைப்பேசியை என்னிடமிருந்து பறித்தாள்.

"அடியேய், கொண்டு போய்ச் சேக்கறதுக்கு நான் என்ன மூட்டையா?"

கைப்பேசியை என்னிடமே திருப்பித் தந்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய், புதிய மேடையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் பேச்சுவார்த்தையைத் தொடர்ந்தேன். முடிவு இது: பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இரண்டு வாரங்கள், என் உதவியின்றி அக்கா இந்த வீட்டில் வாழ்ந்து காட்ட வேண்டும். பாத்திரம் தேய்க்க வரும் ஃபாத்திமா எல்லா வீட்டுக்கும் வருபவர்; அவர் கணக்கில் இல்லை. இரண்டாம் வார இறுதியில் ஆஞ்சலா வந்து பார்ப்பாள். முடிந்தால் ஆனேக்கல் பேச்சு இனி இல்லை. முடியாவிட்டால் அக்கா மறுபேச்சின்றிக் கிளம்ப வேண்டும்.

ஆனால் நான் எங்கே போவது? என் வீட்டில் குடியிருப்பவர்கள் பிப்ரவரி கடைசியில்தான் காலி செய்கிறார்கள். சட்டத்தில் இருப்பதை இல்லாததாகக் கொள்ள வழி உண்டு. எனவே ஒரு வரி எழுதி ஆஞ்சலாவுக்கு அனுப்பினேன்: "மேற்படி காலத்தில் ஓஸ்வால்ட் வீட்டில் இல்லாதவராகக் கருதப்படுவார்."

"என்ன மாமா இது? சரி, நிஜமாவே இல்லாத மாதிரி இருக்கணும். ப்ராமிஸ்?"

வாக்களித்தேன். ஓஸ்வால்ட் என்ற பெயரைச் சிறு வயதிலேயே ஓசி என்று சுருக்கிவிட்ட அக்கா சொன்னாள்: "போக இடம் இல்லைன்னா இங்கயே ஓசியில இருடா, ஓசி."

பிப்ரவரி 1, சனி

தொடங்கிற்று. காலை வணக்கம் சொன்னேன். அக்கா என் வழியாக எனக்குப் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்தாள். ஒரு கோப்பைக் காபி போட்டாள். ஒரே ஒரு கோப்பை.

மாலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து விளக்கை அணைத்தாள்.

"ஆள் இல்லாத ரூம்ல லைட் எதுக்கு?"

விதி என்னவோ நான் வகுத்ததுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எதிர்வீட்டு பாலசுப்ரமணியன் வந்தார். மணியைத் தேடிக் குனிந்தவர் அப்படியே குனிந்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஓஸ்வால்ட் சார் இருக்காரா மேடம்?"

"இல்லீங்களே."

"இதோ உக்காந்திருக்காரே."

"அப்படியா? எங்க?"

நான் நாளிதழின் பக்கத்தைத் திருப்பினேன். அது தவறு, பக்கம் தானாகத் திரும்பியதாக யாரும் கொள்ள மாட்டார்கள். பாலசுப்ரமணியன் குரலைத் தாழ்த்தி, "அக்கா தம்பிக்குள்ள எதாவது சண்டையா? சொத்து விஷயமா?" என்று கேட்டார். "இல்லாதவனோட என்னங்க சண்டை" என்றாள் அக்கா. சட்டத்தின் பார்வையில் நான் அங்கு இல்லை. தெருவின் பார்வையில், சொத்துக்காக அக்காவோடு பேச்சை நிறுத்திய தம்பியாக இருக்கிறேன்.

மதியம் நின்று சாப்பிடும் ஓட்டலுக்குப் போனேன். நெஞ்சளவு மேசையில் நிமிர்ந்து நின்று உண்பதில் இத்தனை சுகமா! அக்காவை இங்கே அழைத்து வந்தால் அவளுக்கு மேசையின் கால்தான் தெரியும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவள் கையிலிருந்து டம்ளர் நழுவி, உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எடுத்துக் கொடுக்க எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

துடைப்பத்தின் கம்பால் தள்ளிப் பார்த்தாள். இன்னும் உள்ளே போனது. அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாள். மேலும் உள்ளே போனது. விடேன் அக்கா — வேற டம்ளர் இல்லையா வீட்டுல — அது போனா போகட்டுமே — வாய்வரை வந்ததை விழுங்கினேன். நாற்காலியின் கையை நான் பிடித்திருந்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. கடைசியில் கொடியில் துணி எடுக்கும் கவைக்கோலைக் கொண்டுவந்து, அதன் கவையில் டம்ளரின் விளிம்பை மாட்டி இழுத்துவிட்டாள்.

மூச்சு வாங்க, டம்ளரை உயர்த்திக் காட்டினாள். காலியாகக் கருதப்படும் என் நாற்காலியைப் பார்த்து, "யாராச்சும் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

மீறல் நிகழ்ந்துவிட்டது. பால் பொங்கியது, அவள் குளியலறையில் இருந்தாள், என் கை அடுப்பை அணைத்துவிட்டது. கை என்றுதான் எழுத முடிகிறது.

அக்கா திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தாள். "ஃபாத்திமா, இந்த வீட்ல பேய் இருக்குடி."

"அரே, பால் பொங்கறத பாத்துக்கற பேயா?" ஃபாத்திமா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்டி ஒண்ணு இருந்தா எங்கூட்டுக்கும் அனுப்புங்க அக்கா. எங்கூட்ல இருக்கற மனுசன் பொங்கினா எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு."

அவர் போன பிறகு அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள், சிரிக்காமல்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆனேக்கல்தான். பேய்க்குப் புரியணும்."

ஆஞ்சலா வரும் நாளில் இதை அவளிடம் தெரிவிப்பேன். மறைப்பது முறையல்ல.

பிப்ரவரி 8, சனி

அக்கா தன் பழைய தோழியோடு கைப்பேசியில் பேசினாள். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"தம்பியா? இல்ல. நிம்மதியா இருக்கு, போ. அவன் இருந்தா நான் கை நீட்டறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவான். எனக்குக் கை இருக்கறதே மறந்துபோச்சு."

மறுப்புரைக்கும் உரிமை வீட்டில் இருப்பவர்களுக்கே உண்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போனேன். தொடை உயரத் தொட்டியில் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பில் ஏதோ பூட்டிக்கொண்டது. கைகளை மேடையில் ஊன்றியபடி அப்படியே நின்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கூப்பிடலாமா? இல்லாதவன் எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டா அக்கா வருவா. வந்தா இந்தப் பரீட்சை என்ன ஆகும்? எனக்காக அவ ஆனேக்கல் போகணுமா? — வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் முனகல் வந்துவிட்டது.

சக்கரச் சத்தம் கேட்டது. "ஏன்டா, இல்லாதவனுக்கு எப்படிடா இடுப்பு புடிக்கும்?"

"அக்கா, இது ஒப்பந்தத்துக்கு…"

"வாய மூடு."

சக்கரம் வைத்த குளியலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் நிறுத்தி, பூட்டுகளைப் போட்டாள். "உக்காரு. பின்னாடி பாக்காத. நான் புடிச்சிருக்கேன்." குனிந்த நிலையிலேயே உட்கார்ந்தேன். குழாயை அவள் மூடினாள். அது அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தானே இருக்கிறது. பிறகு பூட்டுகளை விடுவித்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிவிட்டு, தன் நாற்காலியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "என் சேரோட பிடிய நல்லா புடிச்சிக்கோ."

அவள் எஞ்சின், நான் பெட்டி. கூடத்தின் வழியாகப் படுக்கையறை வரை அப்படியே போனோம். வாசலில் பாலசுப்ரமணியன் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

பிப்ரவரி 12, புதன்

நீர், கஞ்சி, வெந்நீர் ஒத்தடம், மாத்திரை: எல்லாம் அவள் கொண்டுவருகிறாள். கட்டிலிலிருந்து எழ, அவளுக்காகப் பொருத்திய கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கிறேன். உறுதியான கம்பி.

படுத்தபடி யோசித்தேன். அவளுக்கு யாரும் உதவக் கூடாது என்பதே விதி. அவள் மற்றவருக்கு உதவுவது பற்றி நான் எழுதிய வரி மௌனமாக இருக்கிறது. அந்த மௌனம் யாருக்குச் சாதகம்? அவளிடம் கேட்டேன்.

"கஞ்சி ஆறுது, குடி."

பிப்ரவரி 15, சனி

ஆஞ்சலா வந்தாள். வாசலிலிருந்து, "அம்மா, பெல் எங்க?" என்றாள்.

"குனிடி."

உள்ளே வந்தவள் முதலில் பார்த்தது என்னை. "மாமா! நீங்க ஏன் வீல்சேர்ல?"

"இது குளியலறை நாற்காலி" என்று திருத்தினேன். பிறகு எல்லாவற்றையும் தெரிவித்தேன். பால் பொங்கிய அன்று அடுப்பை அணைத்தது நான், அது மீறல். செவ்வாய் முதல் என்னைப் பார்த்துக்கொண்டது அக்கா. அது மீறலா என்பதில் இரு கருத்துகளுக்கு இடமுண்டு. முடிவை ஆஞ்சலாவுக்கே விட்டேன்.

ஆஞ்சலா தன் அம்மாவைப் பார்த்தாள். அக்கா மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா மாமாவ நீதான் பாத்துக்கிட்டியா?"

"எந்த மாமா?"

"அம்மா!"

"இங்க யாரும் இல்லையேடி. உன் மாமாவே எழுதிக் குடுத்திருக்கான்."

ஆஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். "ராத்திரி நீ விழுந்தா நான் புனேல என்னம்மா பண்ணுவேன்?"

அக்கா கரண்டியை வைத்தாள். "விழுந்தா விழுறேன். எந்த வீட்ல விழறதுன்னு நான்தான் சொல்லுவேன். அங்க கட்டில்ல கம்பி போட்டு, விழவே விடாம வச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு என்ன?"

சாப்பிட்ட பிறகு ஆஞ்சலா ஆனேக்கல் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அறை வேண்டாம் என்பதை, அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இடுப்பு தேவலை. ஆஞ்சலா காலையில் கிளம்பிவிட்டாள். எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொடுத்த அக்கா, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஓசி, உன் வீடு காலியாகுது இல்ல? இனிமே நிஜமாவே இல்லாம இருந்து பாரேன்டா."

நான் ஏதேனும் தவறு செய்தேனா என்று கேட்டேன்.

"ஒரு தப்பும் பண்ணல. நீ ரொம்ப நல்லவன்டா. அதான் கஷ்டமா இருக்கு."

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய். ஹெப்பகோடி

வந்து சேர்ந்தேன். தரைத்தளம், இரண்டு அறை. இங்கே யாரும் என்னை இல்லாதவராகக் கருதவில்லை. கருதுவதற்கு ஆள் இல்லை.

அக்காவுக்குத் தினமும் நான் பேசுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அவள் பேசினால் எடுப்பேன்.

மார்ச் 10, திங்கள்

பேசினாள்! ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வருகிறாளாம். தனியாக.

"காருக்குச் சொல்லிட்டேன். டிரைவர் சேர மடிச்சு டிக்கில போட்டுக்குவாராம். பெல் அடிச்சா நீ கதவ மட்டும் தொற. ஏன்டா, உன் வீட்டுக்குள்ள சேர் வருமா?"

வரும் என்று உடனே சொல்லிவிட்டேன். பின்னர் எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டட வாசலில் இரண்டு படிகள் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் இந்த வாசலில் ஏறி இறங்கியவன், படி இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுந்தரமூர்த்தியிடம் சாய்தளம் பற்றிப் பேசினேன்.

"எழுதிக் குடுங்க சார். ஏப்ரல் கடைசில மீட்டிங், அதுல வச்சுப் பேசிடலாம். பொது வாசல் பாருங்க, ஒருத்தர் கெஸ்டுக்காக மாத்த முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லுக்குச் சொல் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 12, புதன்

மஞ்சுநாத் காலையிலேயே மணலும் சிமெண்டுமாக வந்துவிட்டார். வேலையைத் தொடங்குமுன் கேட்டார்: "சங்கத்துல பர்மிஷன் ஆயிதா சார்?"

"ஆயித்து" என்றேன்.

மாலையில் வேலை முடிந்தது. படிகள் இருந்த இடம் ஒரே சரிவாக, ஈரமாகப் பளபளக்கிறது. ஞாயிறுக்குள் நாற்காலி தாங்கும் அளவுக்கு இறுகிவிடும் என்கிறார். நாய்களும் பால்காரரும் மிதிக்காதிருக்க, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன் சுந்தரமூர்த்தி அலுவலகத்திலிருந்து திரும்பினார். சரிவின் முன்னால் நின்று, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார்.

"யாரு சார் இதைப் பண்ணது?"

"நான்தான்" என்றேன். "ஓரமா வாங்க. இன்னும் காயலை."