கறை படாத கோட்டு

அன்பு மகள் அனார்குலுக்கு அம்மா எழுதுவது. மாஸ்கோவில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் தொழுது கேட்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. கிழட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது, அடுப்புக்கு வறட்டி போதும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பெரியப்பா சகின்பாய் போன் செய்து, உன் அம்மா என்னை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள் என்று மூக்கைச் சிந்தினாராமே, நீயும் அவருக்குப் பரிந்து பேசுகிறாய். போனில் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன், முழுதும் படி.

தம்பி ஏர்மேக், குதிரை மேலிருந்து ஆட்டுடலைப் பறிக்கும் பந்தயத்தை வேடிக்கை பார்க்கத்தான் போனான். நீ அனுப்பிய நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அக்கா வாங்கித் தந்தது என்று ஊர் பார்க்கட்டும் என்றான். ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு வந்த குதிரைகள் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஒரு லாடம் அவன் தொடையைக் கிழித்துவிட்டது. அங்கே நாட்டாமை செய்தவர் உன் பெரியப்பா. "கோட்டக் கழட்டுங்கடா, மாஸ்கோ கோட்டு, ரத்தம் பட்டாப் போகாது" என்று உருவித் தன் சேணத்தில் மடித்து வைத்துக்கொண்டு, காயத்தில் பனியை அள்ளி அப்பச் சொன்னாராம். போர்த்தலாமே என்றவர்களிடம், "குளுந்தாத்தான்டா ரத்தம் நிக்கும், எத்தன ஆடு அறுத்திருக்கேன், எனக்கா பாடம் நடத்துறீங்க" என்று ஏளனம் வேறு. வெறும் சட்டையோடு என் பிள்ளையைத் திறந்த லாரியில் போட்டுக் கணவாயைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைக்கிற காயந்தாம்மா. உடம்பு இப்படிச் சில்லிட்டுப் போனா ரத்தம் சரியா உறையாது. நாங்க ஏத்த ஏத்த ஊசி குத்துன இடத்துலகூடக் கசிஞ்சுது. இறுக்கிக் கட்டி, ஒரு கோட்டப் போத்திக் கொண்டாந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டாள். தம்பியின் உடலோடுதான் வீடு திரும்பினேன்.

தெரியாமல் செய்தார், மன்னித்துவிடு என்கிறாய். பனி வைத்தது தெரியாமல்தான், அதை விழுங்கிக்கொள்கிறேன். ஆனால் துடிக்கிற பிள்ளையைப் பார்த்த கண்ணுக்குக் கோட்டுதானே பெரிதாகத் தெரிந்தது? நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட மாட்டேன், ஊர் திட்டினால் திட்டட்டும். தம்பியின் உடலைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர். குளிப்பாட்டியவருக்கு இறந்தவர் உடுப்பைக் கொடுக்கும் வழக்கப்படி, யாரோ வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த அந்தக் கோட்டை நானே என் கையால் அவருக்குக் கொடுத்தேன். அதைக் கழற்றியது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நேற்றுக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போனார். ஒரு சொட்டுக் கறை இல்லை, அனார்குல்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. யாருக்காவது அடிபட்டால் காயத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, உன் மேல் கிடப்பதைக் கழற்றிப் போர்த்து, துணியைப் பார்க்காதே. எனக்கு எதுவும் வாங்கி அனுப்பாதே. ஆண்டவன் உன்னைக் குளிரில் விடாமல் காக்கட்டும்.

உன் அம்மா
புருல்சா