கறுப்புப் பிடரி

மார்ச் 4
தாலெக் ஆற்றோரம் புல்லெல்லாம் நசுங்கிக் கிடந்தது. என் சிங்கங்களில் சிவப்புப் பிடரிக்காரன் செத்துவிட்டான், இடுப்பில் கடி. அவன் அண்ணன், கறுப்புப் பிடரி ஓரோக்கைக் காணவில்லை. வடக்கிலிருந்து வந்த மூன்று இளம் சிங்கங்கள் மேட்டில் நின்று கர்ஜித்துக்கொண்டிருந்தன. இந்த அண்ணன் தம்பியைப் பின்தொடர்ந்து கவனிப்பது என் வேலை. வேலை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 6
புதிதாக வந்தவர்கள் அண்ணன் தம்பியின் குட்டிகளில் ஒன்றைக்கூட உயிரோடு விடவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11
ஓரோக் உயிரோடு இருக்கிறான். தெரியவந்த விதம்தான் மோசம் — என் தம்பி கோயினெட்டின் சினைப்பசுவை அடித்துவிட்டான். தம்பி போனில் கத்தினான்: "உன் செல்லப் பிள்ளை என் மாட்டத் தின்னுட்டு ஏப்பம் விடுறான் அக்கா! நாளைக்கு ஈட்டியோட வர்றோம். எங்க படுத்திருக்கான்னு சொல்லு."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அந்த மூவர் கடித்த பின்னங்காலில் சதை கிழிந்து தொங்குகிறது. ஓட முடியாதவனுக்கு மாடுதானே கிடைக்கும்? ஆனால் அவனைக் கொன்றால் தம்பிக்கு ஜெயில்.

சிங்கத்தைக் கொன்ற வீரனுக்குப் பாட்டுப் பாடும் எங்கள் மாசாய்ப் பெண்கள், அடிபட்ட சிங்கத்தைக் குத்தியவனுக்குப் பாடமாட்டார்கள், சிரிப்பார்கள். அவன் நொண்டுவதைக் காட்டுவது ஒன்றுதான் வழி. நான் வாயால் சொன்னால் பொய் என்பார்கள். கண்ணால் பார்க்கட்டும்.

மார்ச் 12
நானே கூட்டிக்கொண்டு போனேன். தம்பியும் அவன் கூட்டாளிகளும். வழியெல்லாம் கிண்டல்.

"சிங்கம் வந்தா உங்கக்காவ முன்னாடி விட்ருவோம்டா."

"அவளத் தின்னாது. அவதான் பாடம் நடத்தியே அதக் கொன்னுடுவா."

புதர் அசைந்தது. ஓரோக் எழுந்து நின்றான். பிடரி சிலிர்த்து, தலை நிமிர்ந்து, காயமே இல்லாதவன் போல. எதிரி முன்னால் வலியைக் காட்டாமல் நிற்பதுதானே அவனுக்குத் தெரிந்தது! ஈட்டிகள் உயர்ந்தன. ஐயோ, இப்பப் போய் என்னடா வீம்பு? நொண்டுடா. ஒரு அடி எடுத்து வைடா, அவங்க பாக்கட்டும் —

பாய்ந்தான். கால் மடங்கிச் சரிந்தான். எழுந்தான். மறுபடியும் சரிந்தான்.

 கோயினெட் ஈட்டியை மண்ணில் குத்தினான்.

"இவன ஏற்கெனவே கொன்னுட்டுப் போயிருக்கானுங்க. நான் எதக் குத்துறது?"

"அப்ப உன் பசு?" என்றான் ஒருவன்.

"நட," என்றான் தம்பி.

ஏப்ரல் 2
மழை. தடம் எதுவும் இல்லை. செத்திருப்பானோ?

ஜூன் 19
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓரோக்கைப் பார்த்தேன். இன்னும் நொண்டுகிறான். பக்கத்தில் ஒரு அந்நியன், காது கிழிந்தவன், எங்கிருந்து துரத்தப்பட்டானோ. ஒரே வரிக்குதிரையை இருவரும் உறுமாமல் தின்றுகொண்டிருந்தார்கள். ஓரோக் கர்ஜித்தான், மற்றவன் தலையைத் தூக்கி அவனோடு சேர்ந்துகொண்டான்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு பேரா?" என்றான்.  பிறகு, "சரி அக்கா. மாட்டுப்பட்டி வேலிய இன்னும் ஒரு முழம் உசத்திடுறேன்."