துருக்கிக் காசின் படம்

ஏறாவூர்,
புதன் காலை.

அன்பு மகன் ஷிஹானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் இதுவரை சுகமாக இருக்கிறோம், நீயும் நிஸ்மியாவும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். போன் இருக்க இதென்ன காகிதம் என்று நினைப்பாய். இந்த விசயத்தைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை மகன், அதனால்தான் நாளைக்குக் கத்தார் திரும்பும் நம் அசனாரின் கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி.

கத்தாரில் நான் மேசன் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பவுண் காசு வாங்கி வந்தது உனக்குத் தெரியும். உம்மா நகையாக அடிக்கச் சொன்னபோதெல்லாம் மறுத்து, ஒன்பதையும் பிஸ்கட் டின்னில் வைத்து நானே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருசம் காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பிறகுதான் அதைப் பற்றிக் கதைக்க ஆள் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கொரு பிரியமான காசின் படம் போடுவார்கள். நான் துருக்கிக் காசைப் போட்டேன், தலை உருவம் எதுவும் இல்லாமல் சுல்தானின் கையெழுத்து மட்டும் கொடிபோலச் சுழன்று கிடக்குமே, அதுதான். ஊரும் பேரும் போடவில்லை. வெல்லாவெளியில் இருக்கும் வினாயகமூர்த்தி சேர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அன்றைக்கே கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவரிடம் குதிரைக்காரன் உருவம் போட்ட இங்கிலாந்துப் பவுண்கள் நாலு இருந்தன. பிறகு ஒருநாள் பஸ் ஏறி இங்கே வந்து, உம்மா ஆக்கிய மீன் ஆணத்தோடு சோறு தின்று, என் காசுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று கிழமைக்கு முன் அவருடைய மகள் தனுஷியா போன் எடுத்து, சேர் ஆஸ்பத்திரியில் என்றாள். நானும் உம்மாவும் போனோம். முகம் முழுக்க வீக்கம், வலக்கையில் கட்டு. பட்டப்பகலில் இரண்டு பேர் குழுவில் இருக்கிற ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "நான்தான் கதிர போட்டு இருத்தினன் காக்கா, நான்தான் தேத்தண்ணியும் குடுத்தன்" என்று சேர் என்னிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாலு காசையும் எடுத்த பிறகும் அவர்கள் போகவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டி, இவருடைய வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். என் துருக்கிக் காசு. கீழே 'என் வாப்பா மஜீட் சேர்த்தது, ஏறாவூர்' என்று எழுதியிருந்ததாம். சேர் தெரியாது என்றே சொல்லியிருக்கிறார். கை முறிந்தது அதற்குப் பிறகுதான்.

மகன், அந்த வரியை எழுதியது நீ. படத்தை உனக்கு அனுப்பியது நான். நீ பெருமையில் முகநூலில் போட்டாய், நானும் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன், ஆகவே உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை வாசித்த உடனே அதை அழித்துவிடு. போன வியாழன் நான் லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த மத்தியான நேரம் டெங்கு பார்க்க என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமல் அறைகளைப் பார்த்தார்களாம். "ஹாஜியார் எந்த அறயில படுக்கிற" என்று ஒருவன் உம்மாவிடம் கேட்டிருக்கிறான். சுகாதாரக் கந்தோரில் விசாரித்தேன், யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். பொலிசில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே ஒன்பது காசையும் மட்டக்களப்பில் பேங்க் பெட்டகத்தில் வைத்துவிட்டு, வீட்டில் ஒன்றும் இல்லை என்று குழுவிலும் எழுதினேன். எல்லாரும் நல்லது என்றார்கள். தெரியாத ஒரு நம்பரிலிருந்து மட்டும் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது, "பரவால்ல ஹாஜியார், வந்து கதைப்பம்" என்று. அந்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. உம்மா பகலிலும் கேற்றைப் பூட்டி வைக்கிறாள், வெளியே யார் ஸலாம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள்.

டிசம்பர் லீவுக்கு டிக்கட் போட்டாயிற்று என்று நிஸ்மியா சொன்னாள். சின்னவள் நடக்கத் தொடங்கிய பிறகு நாங்கள் அவளை நேரில் பார்க்கவில்லை. இருந்தாலும் இந்த முறை வரவேண்டாம் மகன். டிக்கட்டை மாற்று. பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது காரணம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே. அல்லாஹ் உங்கள் நால்வரையும் தன் காவலில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மஜீட்

போனில் உம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறக்காதே. உங்களை வரவேண்டாம் என்று எழுதியதை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சின்னவளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள்.